மெழுகு அடைத்த கீபோர்டு

கமலவேணி அக்கா போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய தம்பி புக்கிட் ரோத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார். அழுதேன். அழுகை ஓய்ந்ததும் முதலில் தோன்றியது, அந்த ஆள் சாவுக்கு வருவாரா என்பதுதான். அக்காவை அறிந்தவர்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அந்த ஆள் எங்கள் தோட்ட அலுவலகத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். எழுத்து மரியாதைக்காகத்தான் 'அவர்' என்கிறேன்; மனத்துக்குள் அப்படிச் சொல்வதில்லை.

பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் இருந்த அந்த அலுவலகத்துக்கு எண்பத்து மூன்றில் கம்ப்யூட்டர் வந்தது. லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல்களை ஏற்ற அக்காவையும் என்னையும் உட்காரவைத்தார்கள். முதல் வாரமே அக்கா தம் கீபோர்டிலிருந்து டிலீட் பட்டனைப் பிடுங்கிவிட்டு, அந்தக் குழியை மெழுகு உருக்கி அடைத்தார்.

"நம்ம லயத்து ஆளுங்க பேரு, செல்வி. கை தவறி ஒண்ணு அழிஞ்சா அவங்க எங்க போவாங்க?"

பெயர் நீக்க வேண்டுமென்றால் சீட்டு எழுதிப் பெரிய கிராணிக்கு அனுப்புவோம். அவர் தம் மேசையிலிருந்து நீக்குவார். மாதத்துக்கு ஒன்றிரண்டு சீட்டுதான் போகும்.

ஒருநாள் வீட்டுப் பட்டியலில் ஆறு குடும்பங்களின் பெயர்களைக் காணோம். மறுவாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் போனது. அக்காவின் கைப்பிழை என்றார் பெரிய கிராணி. அக்கா கீபோர்டைக் கழற்றிக்கொண்டு போய்த் தோட்டத்து மேனேஜர் துரையின் மேசைமேல் வைத்தார். மெழுகில் ஒரு கீறல்கூட இல்லை.

"கீபோர்டு வந்து சாட்சி சொல்லுமா லா?" என்று பெரிய கிராணி சிரித்தார். துரையும் சிரித்தார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அந்த ஆறு பெயருக்கும் சீட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் வேலை போனது. அதைவிடக் கொடுமை, பிறந்து வளர்ந்த லயத்திலேயே பெண்கள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தக் கீபோர்டை அன்றே குப்பையில் போடச் சொன்னார் பெரிய கிராணி. அக்கா பழைய இரும்புக் கடையில் தேடி அதை மீட்டார். பிறகு அங்கே வந்த கீபோர்டுகளையெல்லாம் வாங்க ஆரம்பித்தார். பட்டன்களைக் கழற்றிப் பல் பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவைப்பார். வஞ்சத்தில் தொடங்கியது ஆசையாகவே ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே எந்தக் கீபோர்டு என்று சொல்வார்.

"புதுசெல்லாம் இட்லிய அமுக்குற மாதிரி இருக்கு. இதுல டக்குன்னு விழுது பாரு. எழுதுனது எழுதுனதுதான்."

புக்கிட் ரோத்தானில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். மற்றப் பெண்கள் இணைப்பில்லாத பழைய கீபோர்டுகளில் விரல் பழகினார்கள்.

அலுவலகத்தில் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கியபோது பெரிய கிராணியின் கீபோர்டும் இரும்புக் கடைக்கு வந்தது. தேநீர்க் குவளையில்கூடத் தம் பெயரை ஒட்டிவைக்கும் மனிதர். இதன் முதுகிலும் பெயர்ச் சீட்டு இருந்தது. மற்ற எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, டிலீட் பட்டன் மட்டும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. மாதம் ஒன்றிரண்டு சீட்டுக்கு அப்படித் தேயாது. அக்கா இரண்டு கீபோர்டுகளையும் வகுப்பின் வாசல் கண்ணாடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரிய கிராணியின் பெயர்ச் சீட்டை உரித்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி அவர் கீபோர்டின் முன்பக்கம் ஒட்டினார். அதன்பின் பெரிய கிராணி அந்தத் தெருவில் நடக்கவில்லை.

வீடிழந்தவர்களில் ஒருவரான அஞ்சலையம்மா பாசிர் பெனம்பாங்கில் மீன் காயவைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டு ஒருநாள் வந்தார். அக்கா கண்ணாடியைத் திறந்துவிட, வழுக்கைப் பட்டனைத் தடவினார், மெழுகைத் தடவினார். "ஒன்னப் போயி வைஞ்சேனே தாயி," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றுதான் நான் வாயைத் திறந்து, சீட்டுப் போகாததைச் சொன்னேன். நான்கு வருடம் தாமதம். அக்கா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் சுடுகிறது.

சாவுக்கு அந்த ஆள் வந்தார், மாலையோடு. எல்லாம் முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்தார். "அதான் அந்தம்மாவே போயிட்டாங்களே. அந்தப் பேர்ச் சீட்ட எடுத்துரும்மா. பேரப்புள்ளைங்க அந்தப் பக்கம் போவுதுங்க லா."

"அந்த ஆறு பேரும் மொதல்ல பட்டியல்ல வரட்டும் சார்," என்றேன்.

வகுப்புச் சாவி இப்போது என்னிடம். அக்கா பிடுங்கிய டிலீட் பட்டனை அவருடைய குங்குமச் சிமிழில் கண்டெடுத்தேன், அதுவும் என்னிடம்தான். தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறேன். அந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். சீட்டில் இருக்கும் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள்.