வலது கால் கட்டைவிரல்

தெற்கு ஆக்லாந்தில் ஒரு மருத்துவமனை. பித்தப்பைக் கல்லுக்காகச் சேர்ந்திருக்கும் அத்தானைப் பார்க்க மனுரேவாவிலிருந்து வந்திருக்கிறேன். அவர் தூங்குகிறார். பக்கத்துக் கட்டிலில், நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரிப் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். சர்க்கரை நோயால் அவருடைய வலது கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது.

“இண்டைக்கு விரலை வெட்டாட்டிக் காலே போயிடும். ஆனா கையெழுத்து வைக்கிறாரில்லை,” என்கிறார் யாழ்ப்பாணத்து நர்ஸ்.

“பயமா?”

“தெரியாது. எங்களோட கதைக்கிறாரில்லை. மாவோரி நோயாளியளுக்குத் துணைக்கு இருக்கிற ஆளைக் கூப்பிட்டிருக்கிறன்.”

துணைக்கு வந்த பெண் அவர் காலைப் பார்க்கவே இல்லை. ஊர், ஆறு, உறவுக்காரர்கள் என்று அரைமணி நேரம் விசாரிக்கிறார். அதன்பிறகுதான் பெரியவர் கேட்கிறார், வெட்டிய விரலை எங்கே போடுவார்கள் என்று. அதை ஊரில் தன் ஆட்களோடு புதைக்க வேண்டுமாம்.

கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்கிறார் அந்தப் பெண்.

நான் நர்ஸைப் பார்க்கிறேன். “இதை யாரும் முன்னாடியே சொல்லலையா?”

“ஃபார்மிலை இருக்கு,” என்கிறார். பிறகு தாழ்ந்த குரலில், “நாலாம் பக்கத்திலை.”

அந்தப் பெண் காட்ட, பெரியவர் நாலாம் பக்கத்தைப் புரட்டிக் குறியிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். சட்டையைக் கழற்றி மடித்துவைக்கிறார்.

“விரலைப் பஸ்ஸில் கொண்டுபோக விடுவார்களா?” என்று கேட்கிறார்.



“பஸ் வேண்டாம்,” என்கிறார் அந்தப் பெண். “உங்கள் இருவரையும் நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன்.”