வாளியில் அளந்த குதிரைகள்

என்ஜின் பட்டறையில் அவளுக்குக் ‘குதிரைக்காரி’ என்று பெயர். குதிரையின் வாலைக்கூட அவள் கிட்டத்தில் பார்த்ததில்லை. பழுது பார்த்து முடித்த என்ஜினைச் சோதனை மேடையில் ஏற்றி, அதற்கு எத்தனை குதிரைசக்தி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக இதையே செய்ததில் புத்தியும் அப்படியே பழகிவிட்டது. வெந்நீர் கெட்டிலைப் பார்த்தால் “ரெண்டு குதிரை” என்பாள். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும் கணவனிடம், “உங்களுக்கு அரைக் குதிரை தேறும், அதுவும் நொண்டி” என்பாள். மாமியார் ஒரு முறை கோபத்தில் விட்ட பெருமூச்சில் சமையலறைச் சன்னல் முழுக்க ஆவி படிந்ததாம். மருமகள் அது எத்தனை கிலோகலோரி என்று கணக்குப் போட்டு நீட்ட, மாமியார் அதில் இருந்த கூட்டல் பிழையைத் திருத்திக் கொடுத்தாராம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அன்று மேடையில் இருந்தது ஒரு படகு என்ஜின். ஆற்றில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப் போகும் படகுக்காரருடையது. நாற்பது குதிரைசக்தி இருந்தால்தான் ஆள் ஏற்ற அனுமதி. குறைந்தால் மூட்டைமுடிச்சுகள் மட்டும். பழைய அனுமதி அன்று மாலையோடு முடிகிறது. படகுத்துறை இன்ஸ்பெக்டர் காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என்ஜின் ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம், மேடையில் விசையைக் காட்டும் முள் ‘டொக்’கென்று உடைந்து விழுந்தது. வேறு முள் வர நாலு நாளாகும்.

“அப்ப நாலு நாள் கழிச்சு வரேன்,” என்று இன்ஸ்பெக்டர் பையைத் தூக்கினார்.

“நாலு நாளா? அதுக்குள்ள எதிர்க்கரைக்காரன் என் ஆளையெல்லாம் ஏத்திக்குவான் சார். அப்புறம் நான் படகுல கோழி வளக்க வேண்டியதுதான்,” என்றார் படகுக்காரர்.

“உக்காருங்க சார்,” என்றாள் குதிரைக்காரி. “முள்ளு போனா என்ன, தண்ணி இருக்குல்ல.”

சோதனை மேடையில் என்ஜினை இழுத்துப் பிடிப்பது தண்ணீர்தான். மூடிய இரும்புக் கூட்டுக்குள் என்ஜின் ஒரு சக்கரத்தைச் சுற்றும். உள்ளே பாயும் தண்ணீர் சுற்ற விடாமல் மல்லுக்கு நிற்கும். என்ஜின் எங்கும் போவதில்லை, எதையும் தூக்குவதில்லை. பட்ட பாடெல்லாம் தண்ணீரில் சூடாக இறங்கிவிடும். அந்தச் சூட்டை அளந்தால் பலம் தெரிந்துபோகும். மணிக்கு அறுநூற்று முப்பத்திரண்டு கிலோகலோரி என்றால் ஒரு குதிரை.

“தண்ணிய வச்சுக் குதிரைய அளக்கறதா? என் சர்வீஸ்ல கேட்டதில்ல.”

“இப்ப கேட்டுக்கங்க சார். காசா பணமா?”

உள்ளே போகும் தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி, வெளியே வருவது நாற்பத்தெட்டு. பதினைந்து லிட்டர் வாளி முக்கால் நிமிடத்தில் நிறைந்தது. அதாவது நிமிடத்துக்கு இருபது லிட்டர். ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி. ஆக நிமிடத்துக்கு நானூறு, மணிக்கு இருபத்து நாலாயிரம். வகுத்துப் பார்த்தால் முப்பத்தெட்டு குதிரை.

படகுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக அவள் பக்கம் வந்து, “தங்கச்சி, ரெண்டே ரெண்டு. நாப்பதுன்னே எழுதிடும்மா. கணக்குன்னா முன்னப்பின்ன இருக்கறதுதானே,” என்றார்.

“ஆத்து நடுவுல முப்பது பேரோட நிக்கும்போது, நான் எழுதின ரெண்டு வந்து தள்ளாது அண்ணே.”

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறந்தார். அவள் இன்னும் இரண்டு தடவை அளந்தாள். அதே முப்பத்தெட்டு. பிஸ்டனிலிருந்து எல்லாம் புதிது, சத்தத்திலும் குறையில்லை. அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மனசு ஒப்பாததை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாதே. சரி, அணைத்துவிடலாம் என்று என்ஜின் பக்கம் நடந்தவளின் செருப்புக்குள் வெதுவெதுவென்று ஏதோ புகுந்தது.

குனிந்து பார்த்தாள். கூட்டுக்குள் தண்டு நுழையும் இடத்திலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடமாக ஒழுகுவதுதான். முள் காட்டுகிற கணக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே யாரும் கண்டுகொண்டதில்லை. வாளிக் கணக்குக்கோ, வாளிக்கு வராத தண்ணீர் என்றால் வாளிக்கு வராத பலம்.

“பேனாவ மூடுங்க சார். ரெண்டு குதிரை தரையில ஓடிட்டு இருக்கு.”

“எனக்குக் காது குத்தியாச்சும்மா,” என்று எழுந்த இன்ஸ்பெக்டர், வேறு யாரையும் கிட்டே விடவில்லை. கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு மண்டிபோட்டார். ஒழுகும் இடத்துக்குக் கீழே, பட்டறையில் கழிவு எண்ணெய் பிடிக்கும் பெரிய தட்டை நகர்த்தி, கையில் கடிகாரத்தோடு பத்து நிமிடம் பிடித்தார். பிடித்ததை லிட்டர் குவளையால் மொண்டு மொண்டு, சத்தமாக எண்ணினார். பதினொன்று. ஒழுகும் இடத்தில் வெப்பமானியைப் பிடித்தார். நாற்பத்தெட்டு டிகிரி. நிமிடத்துக்கு ஒன்று புள்ளி ஒன்று லிட்டர். மணிக்கு ஆயிரத்து முந்நூற்று இருபது கிலோகலோரி.

“இது ரெண்டும் கொசுறும் வருது. அதோட முப்பத்தெட்டு…”

“நாப்பது,” என்றார் படகுக்காரர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி.

“உங்களக் கேக்கல.” இன்ஸ்பெக்டர் முதலிலிருந்து கூட்டி, முதலிலிருந்து வகுத்தார். நாற்பதும் கொசுறும்தான். படிவத்தில் ‘அளந்த முறை’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. “தட்டுன்னு எழுதினா மேலிடத்துல சிரிப்பாங்களேம்மா.”

“தாளக் குடுங்க சார்.”

வாளி, லிட்டர், டிகிரி, ஒழுகல், வகுத்தல் என்று ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்திட்டாள். அதன் கீழே அவரும் போட்டார்.

மை காயுமுன்னே படகுக்காரர் என்ஜினின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நாளை முதல் நடை ஆறரை மணிக்கு. குதிரைக்காரி குழாய்ப் பக்கம் மறுபடி குனிவதைக் கண்டதும் அவருக்குப் பகீரென்றது.

“தங்கச்சி, வேற எங்கயாவது ஒழுகுதான்னு பாக்காதம்மா. நாப்பதே போதும்.”