எடுக்கக் கூடாத கால்

பால்ச்சாமிக்கு வாயில் நல்ல வார்த்தையே வராது. அருப்புக்கோட்டையில் வாடகைக் கார் ஓட்டியவன். ஏறுகிறவனையும் வைவான், இறங்குகிறவனையும் வைவான். ஆனால் எந்த நேரம் கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துவிடுவான். அதனால் ஊர் அவனைப் பொறுத்துக்கொண்டது. வேறு என்ன செய்ய?

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷக் கோடையில், திருச்சுழிப் பக்கத்திலிருந்து சந்தனம்மாளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தாயில்லாத பெண், கூட வந்தது புருஷன் கோட்டைச்சாமி மட்டும்.

கண்மாய்க் கரை மேல் ஏறியதும் பால்ச்சாமி பிரேக்கை மிதித்தான். பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. வண்டியைக் கியரில் நிறுத்தி, இறங்கிப் பார்த்தான். கல் பட்டுப் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயின் மூட்டு தளர்ந்து பிரேக் எண்ணெய் ஒழுகியிருந்தது. கைப்பிரேக் யுத்த காலத்திலேயே அறுந்துபோனது, மாற்றச் சாமான் கிடைக்கவில்லை. எதிரே சரிவு. அது முடிகிற வளைவில் சுவரில்லாத கிணறு. இப்படியே உருட்டினால் மூன்று பேருக்கும் அங்கேதான் சமாதி.

குழாய் மூட்டை இறுக முறுக்கிவிட்டான். ஆனால் குழாய்க்குள் காற்று ஏறிவிட்டதே! அது போனால்தான் பிரேக் பிடிக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவன் சக்கரத்திலுள்ள நிப்பிள் என்ற சிறு திருகைத் திறந்து, காற்றும் எண்ணெயும் பீச்சியதும் மூட வேண்டும். மூடுமுன் கால் மேலே வந்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். கையிலிருந்தது அரைப் போத்தல் எண்ணெய்.

நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்தான். வண்டிக்குள் பிள்ளைத்தாய்ச்சி கிடந்ததால் ஜாக்கி போடவில்லை. வயிற்றால் ஊர்ந்து அடியில் நுழைந்தான்.

"மிதிலே. நாஞ் சொல்லாமக் கால எடுக்காத."

கோட்டைச்சாமி மிதித்தான். நிப்பிள் திறந்தது. பின்சீட்டில் சந்தனம்மாள் அலறினாள். அவன் பதறித் திரும்ப, கால் மேலே வந்துவிட்டது.

"கூறுகெட்ட பயலே! காத்த உள்ள இழுத்துட்டியேலே!"

பால்ச்சாமி எண்ணெய் ஊற்ற, அவன் மறுபடி மிதித்தான். மறுபடி அலறல், மறுபடி கால். கட்டினவள் துடிக்கும்போது எந்தக் கால்தான் சொன்ன பேச்சு கேட்கும், சொல்லுங்கள்! போத்தலில் அடி எண்ணெய்தான் மிச்சம்.

"ஊருக்குள்ள ஓடிக் கடல எண்ணெ வாங்கியாரட்டாண்ணே?"

"ஊத்துனா உள்ள ரப்பரு உப்பிப் பிரேக்கே பிடிக்காது. வாய மூடு."

கோட்டைச்சாமி ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இனிக் கத்த மாட்டேன். நீங்க மிதிங்க."

சந்தனம்மாள் சேலை முந்தியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

மிதித்தான். நிப்பிள் திறந்தது, மூடியது. "எடு." மறுபடி. பின்னால் சத்தமே இல்லை.

"அண்ணே, பயமா இருக்குண்ணே. ஒரு தடவ அவளப் பாத்துக்கிறேன்."

"திரும்புன, கொன்னுருவேன். மிதி." சொல்லிவிட்டு அடியில் கிடந்தபடியே பின்சீட்டுப் பக்கம் காதை வைத்தான்.

கடைசி எண்ணெயில் பெடல் கெட்டியாக நின்றது. பால்ச்சாமி கல்லை எடுத்துவிட்டு வண்டியைச் சரிவில் இறக்கினான், வளைவில் பிரேக் பிடித்தது. கிணறு பக்கவாட்டில் கடந்துபோனது.

ஆஸ்பத்திரியில் சந்தனம்மாளைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளைக்கு வயிற்றிலேயே உயிர் அடங்கியிருந்தது. அதைக் கோட்டைச்சாமிதான் அவளிடம் சொன்னான். அவள் முந்தியை எடுத்துச் சுருட்டி மறுபடி வாய்க்குள் திணித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

வாசலில் நின்ற பால்ச்சாமி உள்ளே ஓடிவந்து கட்டிலோரம் மண்டியிட்டான்.

"கத்து தாயி. ஒங் கால்ல விழுறேன். இனிக் கத்து."