கழுதைத் தலையின் இடது காது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. என் பட்டறையில், பட்டப்பகலில் நடந்தது.

கிரேக்க நாட்டுத் தெலோஸ் தீவில் கட்டில்களுக்கு வெண்கலப் பூண் வார்ப்பது என் பிழைப்பு. பெயர் தெரோன். கூட்டாளி ஆர்க்கியாஸ். கட்டிலின் தலைமாட்டில் பொருத்தும் கோவேறு கழுதைத் தலையை மெழுகில் பிடிக்க அவனை விட்டால் ஆள் கிடையாது. அதன்மேல் களிமண் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு வெண்கலத்தை ஊற்றுவது நான். பதினொரு வருடம் இப்படியே போனது.

எங்கள் தீவு அப்போலோ சாமிக்குச் சொந்தம். இங்கே யாரும் சாகக் கூடாது. சாகக் கிடப்பவர்களைப் படகில் ஏற்றி எதிர்த்தீவான ரெனேயாவுக்கு அனுப்பிவிடுவோம். போனவர்களைத் திரும்ப ஏற்றி வருவதில்லை.

ஆர்க்கியாஸுக்குக் காய்ச்சல் கண்டது.

"படகுல ஏத்திடாதடா. வெறும் காய்ச்சல்தான். ரெண்டு நாள்ல எந்திரிச்சிருவேன்."

"உன்னை ஏத்துவேனா? நீ இல்லாம கழுதைக்கு யாரு மூஞ்சி வைக்கிறது? தூங்கு."

சிரித்தான். என்னை நம்பித் தூங்கினான்.

அவன் இங்கேயே செத்துவிட்டால் கோயில்காரர்கள் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். தூங்கியவனைப் போர்வையோடு தூக்கிப் படகோட்டி கோமோனிடம் கொடுத்தேன். படகு நகரும்போது விழித்துக்கொண்டான். என்னையே பார்த்தான். நான் செய்தது துரோகம். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

நான்காம் நாள் காலை. வேறு வழியில்லாமல் ஒரு கழுதைத் தலையை நானே மெழுகில் பிடித்தேன். காது இரண்டும் கோணல். பலகையில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

திரும்பியபோது முற்றத்து நிழற்கடிகாரத்தில் நிழல் ஆறாம் கோட்டில் நின்றது. சரியாக உச்சிப்பொழுது.

உள்ளே சத்தம்... தட்... தட்... மெழுகை விரலால் தட்டும் சத்தம்.

பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தேன். யாரும் இல்லை.

பலகைமேல் கழுதைத் தலை. வலது காது நிமிர்ந்திருந்தது. அவன் பிடிப்பது போலவே...

இடது காதைக் காணோம்.

பிய்த்த இடத்தில் கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

ஆர்க்கியாஸின் விரல்...

சாயங்காலம் கோமோன் வந்தான்.

"உன் கூட்டாளி போயிட்டான்பா."

"எப்போ?"

"இன்னிக்கு உச்சியில. காய்ச்சல் அன்னிக்கே விட்டுருச்சு. மூணு நாளா கரையிலயே உக்காந்திருந்தான். தெரோன் வருவான், தெரோன் வருவான்னு ஒரே பேச்சு. வெயில்லயே சுருண்டுட்டான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீதான் கேக்கவே இல்லையே."

இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான்.

"வலது கை மூடியே இருந்துச்சு. ரெண்டு பேர் சேந்துதான் பிரிச்சோம். பாரு, உன் பட்டறைச் சாமான் மாதிரி இருக்கு."

பிரித்தேன்.

மெழுகுக் காது. இடது காது. கோணலாக, அன்று காலை நான் பிடித்தது.