அமெரிக்காவை வீட்டுக்குள் கொண்டுவந்த அண்ணர்

அண்ணரின் இந்த நினைவு மலருக்கு எழுதும்படி என்னைக் கேட்ட உறவினர்கள் ஒரு நிபந்தனையும் போட்டார்கள். அண்ணர் பிறந்தது, படித்தது, உழைத்தது, நோயுற்றது எல்லாம் எழுதலாம். "அந்தக் கலியாணக் கதை மட்டும் வேண்டாம் தம்பி." அந்தக் கதையை எடுத்துவிட்டால் அண்ணரின் வாழ்க்கையில் மிஞ்சுவது ஓர் ஓய்வூதிய விண்ணப்பத்துக்குத்தான் காணும். ஆகவே, மன்னிக்கவும்.

அண்ணர் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்தார். எங்களுக்குக் காணி இருந்தது. அதில் பரம்பரையாக வேலை செய்த குடும்பங்களை எங்கள் வீட்டார் "எங்கடை ஆக்கள்" என்பார்கள். அவர்களுக்குத் தேநீரைத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுப்பார்கள். இதற்கு நடுவே வளர்ந்த அண்ணர் வரலாற்று ஆசிரியரானார். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்திய காலம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒஸ்லோவுக்கு அகதியாக வந்து, முதியோர் இல்லச் சமையலறையில் சட்டி கழுவிய காலத்திலும் அது விடவில்லை.

பிறந்தநாள் விழாக்களில் அவரிடம் அகப்பட்டவர்களுக்கு இது தெரியும். "அடிமை வச்சிருந்த தெற்கும் வச்சிருக்காத வடக்கும் ஒரு கோடு கீறிச்சினம். அங்காலை வச்சிருக்கலாம், இஞ்சாலை கூடாது. பிறகு, அடிமை முறையை எதிர்த்து வாற மனுக்களைப் பற்றிக் கதைக்கவே கூடாதெண்டு பாராளுமன்றத்திலை ஒரு விதி. ஒவ்வொரு சமரசத்துக்குப் பிறகும் கோபம் கூடினதே ஒழியக் குறையேல்லை."

"ஐஸ்கிரீம் உருகுது அண்ணை" என்பேன்.

அண்ணரின் மகள் தன் விருப்பத்தைச் சொன்னபோது வரலாறு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மாப்பிள்ளை ஒஸ்லோவின் குரோருட்டில் வளர்ந்த நல்ல பிள்ளை. அவருடைய பாட்டனார் எங்கள் காணியில் வேலை செய்தவர்.

துரொண்ட்ஹெய்ம் நகரிலிருந்து சித்தப்பா எனக்குத்தான் தொலைபேசி எடுத்தார். அண்ணருக்கு எடுத்தால் அமெரிக்காவைக் கேட்கவேண்டிவரும். "கலியாணம் நடக்கட்டும். வருவம், வாழ்த்துவம். கை நனைக்க மாட்டம். மூடி திறக்காத சோடா வச்சா குடிப்பம்." ஊரில் அப்படியான வீடுகளுக்குப் போக நேர்ந்தால் எங்கள் ஆட்கள் கைக்கொண்ட வழி அது. நோர்வே எங்கள் நாட்டுக்குச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். நானும் சமாதானத் தூதனானேன். ஏறக்குறைய அதே வெற்றிதான் எனக்கும்.

"கோடு கீறுறியள்" என்றார் அண்ணர்.

"அண்ணை, இது வெறும் சோடா."

"ஓம். வையுங்கோ."

அவர் சம்மதித்துவிட்டார் என்று நம்பி, போத்தல்களை வாசலடி மேசையில் அடுக்கினோம். கலியாணத்தன்று பட்டு வேட்டி, சால்வையோடு அண்ணர் மேசையருகில் நின்றார். கையில் திறப்பான். எல்லாப் போத்தல்களையும் திறந்துவிட்டிருந்தார்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

"வெயிலுக்குள்ளாலை வருகினம். உதவி செய்யிறன்."

சித்தப்பா மேசையைப் பார்த்தார். "எல்லாம் திறந்து கிடக்கு?"

"ஓம் சித்தப்பா. சம்பந்தி ஊத்தித் தருவார், குடியுங்கோ."

சித்தப்பா திரும்பி நடந்தார். பின்னாலேயே பாதி மண்டபம் நடந்தது. மணவறையில் மகள் அழுதாள். தாலி கட்டும்வரையாவது பொறுத்திருக்கலாம் என்று அண்ணரிடம் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். நியாயம் தன் பக்கத்தில் இருக்கும் மனிதரோடு ஒரே வீட்டில் பிறப்பது பெரிய தொல்லை.

நோய் வந்தபின் அண்ணரைக் குளிப்பாட்டியதும் முகம் வழித்துவிட்டதும் பஸ் ஓட்டிவிட்டு நேரே வரும் சம்பந்திதான். அண்ணர் அவருக்கும் அமெரிக்காவைத் தொடங்கினார். "உது நான் படிச்சு அறிஞ்ச விசயமில்லை, பட்டு அறிஞ்சது சம்பந்தி. கஞ்சி ஆறுது, குடியுங்கோ" என்றார் அவர். அண்ணர் அமெரிக்காவைப் பாதியில் விட்டுவிட்டுக் கஞ்சி குடித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று எத்தனையோ தரம் கெஞ்சினேன். "போத்தலுக்குக் கேக்கிறன். ஏன் திறந்தனான் எண்டு அவர் ஒருக்காக் கேக்கட்டும்." இருவரும் கேட்கவில்லை. ஆனால் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அண்ணர், "துரொண்ட்ஹெய்மோ?" என்பார். தகனத்தன்று எல்லோரையும்விடப் பலமாக அழுதவர் சித்தப்பா. அழுதுவிட்டு, சாப்பிடாமல் போனார்.

அண்ணரைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், பனிக்குள் வந்து துயர் பகிர்ந்த உங்கள் எல்லோருக்கும் எம் குடும்பத்தின் நன்றி. உறவினர் வரிசையில் சம்பந்தியைச் சேர்க்க வேண்டாம் என்று அறிவுரை சொன்னவர்களுக்கும் நன்றி, முதலாவதாகச் சேர்த்திருக்கிறேன்.

இன்று அண்ணருக்குப் படைத்ததும் உங்களுக்குப் பரிமாறப்போவதும் சம்பந்தி வீட்டில் சமைத்த சாப்பாடு. சித்தப்பா, நீங்கள் இதை வாசிக்கும் நேரம் இலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அண்ணர் இல்லை, யாரும் உங்களோடு வாதாட மாட்டார்கள். எனக்குப் பக்கத்து இடம் உங்களுக்கு. நீங்கள் வந்து இருக்கும்வரை நான் சோற்றில் கை வைக்கமாட்டேன். எனக்கு நீரிழிவு. கெதியாக வாருங்கள்.