டோபமினும் மீன் மார்க்கெட் ஐஸும்

வேதியியல் ஆராய்ச்சி என்பது பாதி நேரம், பொருள் கெட்டுப்போகாமல் காவல் காக்கும் வேலை. என்னைப்போல் ஆய்வகத்தில் அல்லாடும் சகோதர சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என்னிடம் சிக்கியவை இரண்டு. மூளையில் சுரக்கும் டோபமின், காற்று பட்டாலே கறுக்கும். பெராக்சிநைட்ரைட் என்ற நைட்ரஜன் முரடன், குளிர் குறைந்தால் செத்துப்போவான். இவன் டோபமினை எப்படிக் கெடுக்கிறான் என்று பார்ப்பது என் வேலை. பொன்னமராவதியில் டீக்கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு நடுக்குவாதம். டோபமின் குறைவதால் வருவது. அதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்தேன்.

ஆட்டு மூளை

முரடனைத் தயாரிக்க வாளி நிறைய ஐஸ் வேண்டும். கல்லூரி ஐஸ் மெஷின் மக்கர் பண்ணியதால் புதுக்கோட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டு ஐஸை அள்ளிப் போட்ட அக்கா, எதற்கு என்று கேட்டார். மூளையில் இருக்கும் ஒரு பொருளுக்கு என்றேன்.

"ஆட்டு மூளைக்கா? அதுக்கு ஐஸ் வைக்காதம்மா, ருசி போயிரும்."

ஷட்டவுன்

கரண்ட் கம்பி பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்தடை. ஜெனரேட்டரும் கைவிட்டது. சாயங்காலம் ஃப்ரீசரைத் திறந்தால், அந்த ஐஸில் தயாரித்து வைத்திருந்த, பளிச்சென்று மஞ்சளாக இருந்த பொருள் வெறும் தண்ணீராக நிற்கிறது. மஞ்சள் போனால் முரடன் போய்விட்டான் என்று அர்த்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆய்வக உதவியாளர் முருகையா அண்ணன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ஆறுதல் சொன்னார்.

"எதுக்கும்மா அழுவுறீங்க? முன்னைக்கு இப்ப நல்லாத்தான தெளிஞ்சிருக்கு!"

அப்பாவின் கேள்வி

மறுபடியும் ஐஸ், மறுபடியும் முரடன். இந்த முறை டோபமினோடு கலந்ததும், பொருளை அலசிக் கோடு வரையும் கருவியில் நான் தேடிய மேடு எழும்பியது. டோபமினில் முரடனின் நைட்ரஜன் ஏறிவிட்டது. இனி அது டோபமினே இல்லை. என் ஆய்வுக்குக் கைடான பேராசிரியர், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிரித்து, "போதும், எழுத ஆரம்பி" என்றார்.

பஸ் பிடித்து ஊருக்கு ஓடினேன். டீ ஆற்ற இப்போது வேறு ஆள். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் சிந்தியது. பார்க்கப் பொறுக்கவில்லை. "டோபமின் எப்படிக் கெடுதுன்னு கண்டுபிடிச்சிட்டேம்ப்பா" என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கெடுறதத்தான் என் கையே சொல்லுதேத்தா. கெடாம வைக்க என்ன வழின்னு பாரு."

ஆக, ஆராய்ச்சி முடிந்தது என்று கைடு சொன்ன மறுநாளே நான் வாளியோடு மீன் மார்க்கெட்டில் நின்றேன்.