இன்ஸாப் எடுத்த இரண்டாவது வொலட்

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் இன்ஸாப் அயன் பண்ண நிற்பார். மூன்று மகள்மாரின் பள்ளிக்கூடக் கவுன்களும் பர்தாக்களும் எல்லாம் வெள்ளை. ஒரு கிழமைக்குப் பதினெட்டுத் துண்டு. மனைவி றஸ்னாவுக்கு மணிக்கட்டு வலி வந்த வருடம் அவர் கைக்கு வந்த வேலை அது. வலி போன பிறகும் வேலை திரும்பிப் போகவில்லை. "எங்கட ஊட்டுல அவரு அயன் பண்ணினாத்தான் மடிப்பு நிக்கும்" என்று றஸ்னா சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லிவைத்து, அதை அவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்கும் முதல் கவுனை மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்தார். கை பழகிய பாதையில் போய் வந்தது. வாய் மட்டும் சத்தமில்லாமல் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தது: "மதினி, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும்." அதற்கு அடுத்த வசனம் இரண்டு மாதமாக வரவில்லை. பஸ்மினா காலையில் றஸ்னாவுக்குப் போன் எடுத்து, பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பஸ்மினா, றஸ்னாவின் பெரிய வாப்பாவின் மகள்; றஸ்னாவுக்கு ராத்தா, இன்ஸாபுக்கு மதினி. கணவர் ஐந்து வருடத்துக்கு முன் கட்டாரில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து மௌத்தானவர். அதற்குக் கிடைத்த நட்டஈட்டுப் பணம் ஒரே ஒரு காரியத்துக்கென்று வைக்கப்பட்டிருந்தது. இந்தக் கிழக்குக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். வாப்பா இல்லாவிட்டால் அந்தச் சுமை உம்மாவின் தலையில். மூத்த மகளுக்கென்று பஸ்மினா தன் வளவிலேயே அத்திவாரம் போட்டு, சுவரையும் எழுப்பியிருந்தாள். கூரைக்கு இருந்த பணம்தான் போனது. அதைப் போகும் இடத்தில் கொண்டுபோய் வைத்தவர் இன்ஸாப்.

இன்ஸாபுக்கு ஊரில் இருந்த பெயர் அவருடைய எழுத்தால் வந்தது. சுனாமிக்குப் பிறகு நிவாரணப் படிவங்களோடு சனம் அலைந்த நாட்களில், இருபத்திரண்டு வயதில், ஒரு பிளாஸ்டிக் கதிரையையும் இரண்டு பேனையையும் கொண்டுபோய்ச் செயலக வாசலில் உட்கார்ந்தவர் அவர். யாரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. அவர் நிரப்பின படிவம் திரும்பி வராது என்று கதை பரவியது. கதிரை பிறகு கல்முனை பசார் ஒழுங்கையில் ஒரு கடையானது. போட்டோ கொப்பி, போன் ரீலோட், பாஸ்போட் விண்ணப்பம், பரீட்சை முடிவு. அடியில் பொடி எழுத்தில் கிடப்பதையும் வாசித்துச் சொல்வார் என்பதில் ஊருக்கு நம்பிக்கையும் அவருக்குப் பெருமையும் இருந்தன.

டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்த வருடத்துக்குப் பிறகு, கடைக்கு வருகிறவர்களின் கேள்வி மாறியது. ரூபாவாக வைத்தால் கரைகிறது. நிலையான வைப்பில் போட்டால் வட்டி, வட்டி ஹராம். தங்கம் கிட்டப் போகவே முடியாத விலை. டொலரோடு ஒட்டி நிற்கிற கிரிப்டோ ஒன்று இருக்கிறதாம், அதைப் போனிலேயே வைக்கலாமாம், அதற்கு ஒரு வொலட் வேண்டுமாம், எது நல்லது என்று கேட்டு வந்தார்கள். இன்ஸாப் இரண்டு கிழமை மினக்கெட்டார். மூன்று ஆப்புகளை இறக்கி, கொப்பி ஒன்றில் கோடு போட்டு ஒப்பிட்டார். மௌலவி ஒருவரிடமும் போய்க் கேட்டார். உலமாக்களுக்குள் இரண்டு கருத்து உண்டு, வட்டியும் சூதும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். மூன்றில் ஒரு ஆப்பு, வட்டி இல்லை என்று முகப்பிலேயே பச்சை எழுத்தில் போட்டிருந்தது. இன்ஸாப் அதைத் தெரிவு செய்தார். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: இது ஹலாலா? அதற்கு அவரிடம் பதில் இருந்தது. வேறு கேள்வி இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை.

ஒரே ஒருவர் கேட்டார், சாவியைப் பற்றி. வள்ளத்துப் பதிவுக் கடுதாசியைக் கொப்பி எடுக்க வந்த பாண்டிருப்புச் சாமித்தம்பி.

"தம்பி, அந்தக் கொம்பனிக்காரன் கதவப் பூட்டிட்டுப் போனா, தொறப்பு ஆருட்ட இரிக்கும்?"

"உங்களிட்ட பாஸ்வேர்ட் இரிக்கும்தானே அண்ணன்."

"அது கதவத் தட்டுறதுக்கு. நான் தொறப்பக் கேட்டன்."

"நீங்க பேங்கிலயும் வெக்கமாட்டீங்க போல."

"ஓம், நான் வள்ளத்துலதான் காசப் போடுவன். அது அத்துக்கிட்டுப் போனாலும் ஒரு கரையிலதானே ஒதுங்கும்."

இன்ஸாப் சிரித்து, கொப்பிக்குக் காசு வாங்காமல் அனுப்பினார். பஸ்மினாவோடு சேர்த்து ஏழு பேர் அந்த ஆப்பில் சேர்ந்தார்கள். இன்ஸாபும் தன் சேமிப்பை அதிலேயேதான் வைத்தார்; அதில் பொய் இல்லை.

நோன்புக்கு மூன்று கிழமை இருக்கையில் டுபாயிலிருந்து றஸ்னாவின் தம்பி அஷ்ரப் போன் எடுத்தான்.

"மச்சான், ஆப்புக்குள்ள கிடக்கிறது உங்கட சல்லி இல்ல. கொம்பனி உங்களுக்குக் காட்டுற இலக்கம். தொறப்பு அவனுட்ட. இஞ்ச ரெண்டு மூணு பேருக்கு எடுக்கப் போனா இழுத்தடிக்கிறானுகள். உடன எடுங்க. ஊருக்கு வாற ஆளுட்ட நான் ஒரு கருவி குடுத்து உடுறன், பென் டிரைவ் மாதிரி. அதுவும் ஒரு வொலட்தான். அதுல வெச்சா தொறப்பு உங்கட கையில."

இன்ஸாப் ஒரு கிழமைக்குள் கருவியை வாங்கி, அஷ்ரப் சொல்லச் சொல்லத் தயார்படுத்தி, பணத்தை எடுக்கும் பொத்தானை அழுத்தினார். ஏழு பேருக்கும் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஏழு போன், அரை மணித்தியால வேலை. எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்கப் போனால் வரிசை நீளும், தன்னுடையது பின்னால் போகும் என்று அவருக்குத் தோன்றியது. அதை அப்படியே ஒப்புக்கொள்ள மனம் வராமல், 'முதலில் நம்மளுடையதை வைத்துப் பரீட்சித்துப் பார்ப்போம்' என்று தனக்குத் தானே மாற்றிச் சொல்லிக்கொண்டார்.

ஒன்பது நாள் எடுத்தது. பத்தாம் நாள் கருவியின் சின்னத் திரையில் தன் தொகையைக் கண்டபோது அவருக்கு வந்தது நிம்மதி. ஏழு பேரின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. பிறகு தலைப்பிறை கண்டு நோன்பு தொடங்கியது. நோன்பு நாளில் சனத்தைக் கலவரப்படுத்துவானேன் என்று இருந்தார். நான்தானே இந்த ஆப்பைக் காட்டினேன், இப்போது நானே பிழை என்றால் எப்படி என்றும் இருந்தது. பெருநாள் கழியட்டும் என்று வைத்தார். பெருநாள் கழிந்த நாலாம் நாள் ஆப்பு திறக்கவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை.

எடுக்கக்கூடிய ஆகக் குறைந்த அளவுக்கும் கீழே, ஏழாயிரம் ரூபா பெறுமதியான ஒரு மிச்சம் அவருடைய கணக்கிலும் உள்ளே கிடந்தது. கடைக்கு ஓடிவந்தவர்களிடம், "எண்டயும் உள்ளுக்குத்தான் கிடக்கு" என்றார். வசனத்தில் பொய் இல்லை. பொய் இல்லாதபடி அது வாயில் வந்ததுதான் அவரைப் பிறகு தூங்கவிடவில்லை. வந்தவர்கள் அவருக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். பஸ்மினா ஒரு தட்டு வட்டிலப்பம் செய்து மகளிடம் கொடுத்தனுப்பினாள். மச்சான் மனமுடைந்து போயிருப்பார் என்று சொல்லியும் விட்டாள். பிள்ளைகள் ஒரே பின்னேரத்தில் முடித்தார்கள். இன்ஸாப் தனக்குச் சீனி கூடியிருக்கிறது என்று தொடவில்லை.

"ராத்தாக்குச் சொல்லிருங்க" என்று றஸ்னா இரண்டு தரம் சொன்னாள். இரண்டு தரமும் "சொல்றன்" என்றார். மூன்றாம் தரம் அவள் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்மினா வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அடுக்கியிருந்த வெள்ளைத் துணிகளைப் பார்த்தாள்.

"மச்சான்ட அயனப் பாத்தா, எண்ட மகளுக்கும் இப்பிடி ஒரு மாப்பிளதான் வேணும் எண்டு இரிக்கி."

"எடுங்க ராத்தா. ஆனா குசினிப் பக்கம் மட்டும் உட்டுறாதீங்க" என்றாள் றஸ்னா. "போன கிழம தேத்தண்ணிய அடிப்புடிக்க வெச்சவரு இவரு. தண்ணி அடிப்புடிச்சத நான் அண்டைக்குத்தான் கண்டன்."

பஸ்மினா வாய்விட்டுச் சிரித்தாள். இன்ஸாபும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"மதினி, உங்களிட்ட ஒண்டு—"

"நான் சொல்லிட்டுப் போறன் மச்சான், பொறகு நீங்க சொல்லுங்க." அவள் கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மடியில் வைத்தாள். "அவருட கொம்பனி குடுக்காம வெச்சிருந்த கடைசிச் சம்பளமும் மத்ததும் இப்பதான் வந்த. அஞ்சி வருசம் கேஸ் ஓடின. கூரைக்குக் காணும். ஆனா மேசன் மாரி முடிஞ்சாத்தான் வருவாராம். அதுவரைக்கும் பத்திரமா வெக்கோணும்."

"இந்த முற பேங்கில போடுங்க மதினி. வட்டி வேணாம் எண்டு எழுதிக் குடுக்கலாம்."

"ரூபா ஒருக்காக் கரைஞ்சதக் கண்டவள் நான். முள்ளுக்கம்பி வாங்கப் போன சல்லிக்கு ஆணி வாங்கிட்டு வந்த." அவள் உறையைத் தடவினாள். "எல்லாரும் சொல்றாங்க, திரும்பவும் இன்ஸாப்ட்டயா போறாய் எண்டு. நான் சொன்னன், அவருட சல்லியும்தானே போன, அவரு தெரிஞ்சி செஞ்ச மனிசன் இல்ல, எல்லாம் நஸீபு எண்டு. எனக்கு ஹலால் ஹராம் விளக்கமெல்லாம் இப்ப வேணாம். நீங்க இப்ப உங்கட சல்லிய எதுல வெப்பீங்களோ, அதச் சொல்லுங்க. நானும் அதுலயே வெக்கிறன்."

இன்ஸாப் அயனை நிமிர்த்தி வைத்தார். உண்மையைச் சொல்ல இதைவிட நேரான இடம் இனி வராது என்று அவருக்கு விளங்கியது. ஆனால் விளக்கம் சொல்வது இருபது வருடப் பழக்கம்; வாய் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"ஆப்புல வேணாம் மதினி. ஒரு சின்னக் கருவி இரிக்கி. இன்டர்நெட்டுல எப்பயும் தொடுத்து இருக்காது. அனுப்பக்குள்ள மட்டும் போன்ல இல்லாட்டி கொம்பியூட்டர்ல கொழுவுற. அதச் செய்யிற கொம்பனிட்டயே நேராத்தான் வாங்கோணும். ஆராச்சும் பாவிச்சத, உடைச்ச பெட்டிய வாங்கப்புடா. முதல் தரம் போடக்குள்ள இருவத்தி நாலு சொல்லு காட்டும். அத கடுதாசியில எழுதி வெக்கோணும். போட்டோ எடுக்கப்புடா, வாட்ஸ்அப்புல போடப்புடா, ஆருக்கும் சொல்லப்புடா. எனக்கும் சொல்லப்புடா."

"கருவி தண்ணியில விழுந்தா?"

"புதுசு ஒண்டு வாங்கி அந்தச் சொல்லுகளப் போட்டா எல்லாம் திரும்பி வரும்."

"கடுதாசி தண்ணியில விழுந்தா?"

"அதுக்குத்தான் ரெண்டு எழுதி ரெண்டு இடத்துல வெக்கிற."

"இங்கிலீசுச் சொல்லா? எனக்கு எழுத்துக் கூட்டத்தான் ஏலும், கருத்துத் தெரியா."

"கருத்துத் தேவல்ல. எழுத்துப் பிழைக்கப்புடா, வரிசை மாறப்புடா. மெதுவா எழுதினாச் சரி. அவசரப்பட்டா பதினேழாவதும் பதினெட்டாவதும் மாறிரும், நானும் அப்பிடித்தான் திரும்ப—"

அவர் நிறுத்தினார். பஸ்மினா உறையிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்க ஒண்டு எடுத்துட்டீங்களா மச்சான்?"

"ஓம்."

"நல்லம்தானே. காட்டுங்களன், எப்பிடி இரிக்கி எண்டு பாப்பம்."

இன்ஸாப் அசைவதற்கு முன் றஸ்னா எழுந்தாள். அலுமாரியைத் திறந்து, சாரிகளுக்கு அடியிலிருந்து கருவியை எடுத்துவந்து, கணவனின் முகத்தைப் பார்க்காமல் பஸ்மினாவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு யன்னல் பக்கமாகப் போய் நின்றாள்.

பஸ்மினா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலளவுதான் இருந்தது.

"இதுக்குள்ள இப்ப சல்லி இரிக்கா?"

"இரிக்கி."

"எந்தச் சல்லி? உங்கட சல்லி எல்லாம் ஆப்புக்குள்ள மாட்டினதானே."

"கொஞ்சம் மாட்டின."

"எவ்வளவு?"

"ஏழாயிரம்."

முற்றத்தில் இளையவள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பஸ்மினா கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் இன்ஸாபுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடையில் ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டு, எந்த இடத்தில் கையெழுத்து என்று கேட்கிறவளைப் போல அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மத்தத எப்ப எடுத்தீங்க மச்சான்?"

இன்ஸாப் ஒரு பர்தாவை மேசையில் விரித்தார். அது ஏற்கனவே அயன் பண்ணினது.

"நோன்புக்கு முந்தியா, பொறகா? அத மட்டும் சொல்லுங்க. முந்தி எண்டா எனக்கு ஒரு மாசம் இரிந்திரிக்கி."

ஒரு மாதமும் எட்டு நாளும் என்று இன்ஸாபுக்குத் தெரியும். அந்தக் கணக்கை அவர் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறார். தலைப்பிறைக்கு முந்தி என்று சொன்னால் போதும். இரண்டு மாதமாக வராத அடுத்த வசனம் இப்போது வாய் வரைக்கும் வந்திருந்தது. அவர் பர்தாவின் ஓரத்தை இழுத்து நேராக்கினார். மறு ஓரத்தையும் இழுத்தார்.

பஸ்மினா காத்திருந்தாள். பிறகு கருவியை மேசையில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். உறையைப் பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்தாள். எழுந்து, றஸ்னாவின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு, அவர் பக்கம் திரும்பாமல் அறையை விட்டுப் போனாள்.